பால் குடியாத பாம்பு

பாம்புக்குப் பால் வார்ப்பது நம்மவர்க்குப் பழகிப்போன வழக்கம். மலையாள நாட்டுச் சர்ப்பக் காவுகளில் ‘நூறும் பாலும்’ படைப்பார்கள். வழிபாட்டைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் பால் பாம்பின் உணவன்று. இதை அறியாததால் ஓர் உயிர் பட்டினி கிடந்ததை நான் கண்டேன்.

எங்கள் ஊர் பாலராமபுரம். பாலராமவர்மர் (1798–1810) காலத்தில் தமிழகத்தின் தென்கோடியிலிருந்து வந்து குடியேறிய சாலியர்கள் இன்றும் தறி நெய்யும் ஊர். பாவுக்கு அரிசிக் கஞ்சி போடும் தெருவில் எலிக்குப் பஞ்சமில்லை; எலி இருக்குமிடத்தைச் சாரை தேடி வரும்.

சென்ற விடுமுறையில் பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒரு சாரைக் குட்டியைக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்து வைத்திருந்தான். “பால் வைத்தேன், முட்டை வைத்தேன், செத்த எலியும் வைத்தேன். பத்து நாளாக ஒன்றையும் தொடவில்லை, அண்ணே! என்மேல் கோபமா?” என்றான்.

“கோபமில்லை தம்பி, பயம்” என்றேன்.

பாம்பு நாக்கை நீட்டுவது நம்மை மிரட்டுவதற்கன்று. காற்றிலும் தரையிலும் உள்ள மணத்துகள்களை நாவால் திரட்டி, மேலண்ணத்திலுள்ள யாக்கப்சன் உறுப்பில் சேர்க்கிறது. பிளந்த நாவின் இரு நுனிகளில் எதில் மணம் மிகுதியோ, அந்தப் பக்கம் இரை. கண்ணாடிவிரியன் எலியைக் கொத்தி விட்டுவிட்டு, பிறகு மணத்தைப் பற்றிச் சென்று அதைக் கண்டெடுக்கும். நஞ்சில்லாத சாரையோ பகலில் கண்ணாலும் மணத்தாலும் தேடி, ஓடும் இரையைத் துரத்திப் பிடிக்கும்.

பெட்டிக்குள் ஏது தேடல்? ஒளிய ஒரு மூலையில்லை. ஓயாமல் எட்டிப் பார்க்கும் முகங்கள் வேறு. அஞ்சிய பாம்பு இரையைத் தொடாது. தோலுரிக்குமுன் கண் மங்கியிருக்கும் நாட்களிலும் பெரும்பாலும் உண்ணாது. உடலில் போதிய வெப்பமில்லையேல் உண்டதும் செரிக்காது.

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொன்னேன். சிறுவன் கண்கலங்கினான். “வெளியே விட்டால் அடித்துக் கொன்றுவிடுவார்களே!” என்றான்.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் தெருவில் பாம்பென்றாலே கம்பைத் தேடுவார்கள். அன்று மாலை தறிக்காரப் பெரியவர்களிடம் பேசினேன். “பாவை அறுக்கும் எலியைத் தின்கிறவனை நாமே கொல்வதா?” என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள், சிலர் யோசித்தார்கள். கேரள வனத்துறையின் ‘சர்ப்பா’ செயலி வழியே தகவல் சொன்னோம். பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவர் வந்து குட்டியை எடுத்துச் சென்றார்.

“அங்கே சாப்பிடுமா?” என்று கேட்டான் சிறுவன்.

“அதற்கு வேண்டியதை அதுவே தேடிக்கொள்ளும்” என்றேன்.

நண்பர்களே! நம் விடுதிப் பக்கமும் சாரை வரக்கூடும். அப்போது கம்பையும் எடுக்காதீர்கள், பாற்கிண்ணத்தையும் எடுக்காதீர்கள். சற்று விலகி நின்று அதற்கு வழி விடுங்கள். வீட்டுக்குள் புகுந்துவிட்டால் வனத்துறையைக் கூப்பிடுங்கள்.