பாட்டியைத் திருப்பிப் படுக்க வைப்பது யார் செலவு?

பெட்டாலிங் ஜெயாவின் பழைய செக்‌ஷன்களில் மாலையில் நடந்து போகிறவர்களுக்குச் சில வீடுகள் மட்டும் தனியாகத் தெரியும். கார் நிற்க வேண்டிய போர்ச்சில் பிளாஸ்டிக் நாற்காலிகள், மடக்கி வைத்த சக்கர நாற்காலிகள். கொடியில் ஒரே நிறத்தில் பத்துப் பதினைந்து போர்வைகள். கிரில் கதவில் எந்நேரமும் பூட்டு. ஹாலில் சோஃபா இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில்கள் வரிசையாகக் கிடக்கும். நெற்றியில் திருநீறோடு ஒரு தமிழ்ப் பாட்டி, பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டியோடு பாசார் மலாயில் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். இருவரையும் தூக்கி உட்கார வைக்கும் பெண் பர்மாவிலிருந்தோ ஜாவாவிலிருந்தோ வந்தவராக இருப்பார்.

இப்படிப்பட்ட இல்லத்தில் அம்மாவையோ அப்பாவையோ சேர்க்கப் போனால் கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். எழுந்து நடமாடுகிறவருக்கு ஒரு கட்டணம், படுத்த படுக்கையாகிவிட்டவருக்கு ஒன்று, மூக்குக் குழாய் வழியே பால் ஊற்ற வேண்டியவருக்கு இன்னொன்று. பெம்பர்ஸ் செலவு தனி. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் வண்டிக்கும் துணைக்கும் தனி. கிள்ளான் பள்ளத்தாக்கில் இது மாதம் இரண்டாயிரம் ரிங்கிட்டில் தொடங்கி ஐயாயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு காருக்குத் திரும்பும் பிள்ளைகளுக்குள் பேச்சு எப்படிப் போகும் என்பது பல வீடுகளுக்குத் தெரிந்ததுதான்.

“அண்ணே, மாசம் ஆயிரம் வெள்ளி நான் போட்டுடுறேன். ஆனா என்னால லீவு எடுக்க முடியாது.”

“காசு இருக்கட்டும்டா. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறது யாரு?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் பின்சீட்டில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அண்ணி, அல்லது கல்யாணமாகாத தங்கை.

இது இன்று முளைத்த சிக்கல் போலத் தோன்றும். ஆனால் இந்த மண்ணில் தமிழனின் முதுமைக்கான கணக்கு ஆரம்பத்திலிருந்தே வேறு யாரோ ஒருவர் தலையில்தான் எழுதப்பட்டது. பெட்டாலிங் ஜெயாவே ரப்பர் தோட்டத்தின் மேல் எழுந்த நகரம். 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் தோட்டத்து மரங்களை வெட்டித்தான் அதன் முதல் வீடுகள் கட்டப்பட்டன. தோட்டத்து லயத்தில் குடியிருந்தவர்களுக்கு வீடு என்பது வேலையோடு சேர்ந்த பொருள். வேலை போனால் வீடும் போகும். பால் வெட்ட முடியாத வயதில் மனிதர் எங்கே போவார் என்பது துரையின் கவலையாக இருக்கவில்லை. தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமம் ஒன்று அவருக்காகக் கடலுக்கு அந்தப் பக்கம் காத்திருக்கிறது என்பதுதான் ஏற்பாடு. இளமையின் உழைப்பு மலாயாவுக்கு, முதுமையின் செலவு ஊருக்கு.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் கதை வேறு. ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்து வரப்பட்ட கிராணிமாருக்குப் பென்ஷன் இருந்தது. வேலை முடிந்து ஊர் திரும்பி, மாதாமாதம் மலாயாப் பணம் வாங்கி வாழ்ந்த ‘மலாயன் பென்ஷனியர்’ யாழ்ப்பாணக் கிராமங்களில் மதிப்புக்குரிய மனிதர். ஒரே நாடு, ஒரே மொழி பேசுகிற இரு கூட்டம். ஒருவருக்குக் கிழப்பருவம் சம்பளத்தின் தொடர்ச்சி, மற்றவருக்கு அது சம்பளத்தின் முடிவு. ரயில் தண்டவாளத்துக்கும் ரப்பர் மரத்துக்கும் இடையில் இருந்த இந்தத் தூரத்தைச் சாதி, படிப்பு, ஊர் என்று எதை வைத்து விளக்கினாலும், பணம் யார் கொடுத்தார்கள் என்பதை வைத்துப் பார்ப்பதே நேராக இருக்கிறது.

ஆனாலும் தோட்ட முதலாளிகள் எதுவுமே கொடுக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1907இல் காலனி அரசு தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தியது. பிறகு அது இந்தியர் குடியேற்ற நிதி ஆயிற்று. இந்தியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், தானே ஆள் பிடித்து வந்தாலும் வராவிட்டாலும், கணக்குப்படி அதில் வரி கட்ட வேண்டும். பெரும்பகுதி புது ஆட்களைக் கப்பலேற்றவே செலவானது. நோயாளிகளையும் உழைக்க முடியாதவர்களையும் ஊருக்குத் திருப்பி அனுப்புவதும் அந்தப் பணத்தில் நடந்தது. 1930களின் பொருளாதாரச் சரிவில் ரப்பர் விலை விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை போட்டது. சுதந்திரத்துக்குப் பின், 1958இல், மிஞ்சிய பணம் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்ற பெயர் பெற்றது. வயதான, உழைக்க இயலாத தொழிலாளர்களுக்கு இல்லங்கள் நடத்துவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. 1990களின் கடைசியில் அந்த நிதி கலைக்கப்பட்டது. உழைப்பை வாங்கியவர்களே முதுமைக்கும் ஒரு பங்கு வைக்க வேண்டும் என்ற எண்ணம், அரைகுறையாகவேனும், நூறு ஆண்டுகளுக்கு முன்பு சட்டத்தில் இருந்தது என்பதை இன்றைய விவாதங்களில் யாரும் நினைவுபடுத்துவதில்லை.

அந்த எண்ணத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது சேமநிதி. 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி உலகின் பழைய சேமநிதிகளில் ஒன்று. தொழிலாளி 11 விழுக்காடு, ஐயாயிரம் வரை சம்பளம் என்றால் முதலாளி 13 விழுக்காடு. குறைந்தபட்சச் சம்பளக்காரருக்கு இரண்டும் சேர்த்து மாதம் 408 ரிங்கிட். இல்லத்துக் கட்டணம் மூவாயிரம் என்று வைத்தால், ஏழு மாதத்துக்கும் மேல் சேர்த்தது ஒரே மாதத்தில் கரையும். 55 வயதில் கையில் 240,000 ரிங்கிட் இருந்தால் போதும் என்று சேமநிதி வாரியம் பல காலம் சொல்லிவந்தது. இருபது ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் ஆயிரம். சோற்றுக்கு ஆகும், செவிலிக்கு ஆகாது. அந்தத் தொகையையே எட்டாதவர்கள் ஏராளம். கொரோனா காலத்தில் நான்கு சிறப்புத் திட்டங்கள் வழியாக மக்கள் எடுத்த பணம் மட்டும் 14,500 கோடி ரிங்கிட். அரிசி வாங்க எடுத்தவரைக் குறை சொல்ல முடியாது. 2024 பிப்ரவரி முதல் அரசாங்க வேலையில் சேருகிறவர்களுக்கும் பழைய பென்ஷன் கிடையாது. பிரிக்பீல்ட்ஸும் தோட்டமும் கடைசியில் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன.

அரசு ஒன்றும் செய்யவில்லையா? செய்கிறது. சமூகநல இலாகா வறிய முதியவருக்கு மாதம் 600 ரிங்கிட் தருகிறது. படுக்கையில் கிடப்பவரைக் கவனிக்கும் ஏழைக் குடும்பத்துக்கு 500. பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை வருமான வரிச் சலுகை. ஆனால் வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கிற பிள்ளைக்குத்தான் அது சலுகை. கிராப் ஓட்டுகிற மகனுக்கு அதனால் ஒரு காசு மிச்சமில்லை. அரசாங்க முதியோர் இல்லமான ரூமா ஸ்ரீ கெனாங்கானில் சேர, கவனிக்க வாரிசு இருக்கக் கூடாது, தன் வேலையைத் தானே செய்துகொள்ளவும் வேண்டும். படுத்துவிட்ட அநாதைகளுக்குக் கோல குபு பாருவிலும் டுங்கூனிலும் ரூமா எஹ்சான் இருக்கிறது. பிள்ளைகள் இருந்து, அவர்களிடம் பணம் இல்லாதவர் எந்தக் கதவைத் தட்டுவது?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இந்த நாட்டிலேயே உழைத்துக் களைத்தும், குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசியோடு நிற்பவர்கள். குடிமக்களுக்கு மட்டும் என்ற உதவித்தொகை அவர்களுக்கு இல்லை. 60 வயதைக் கடந்த அப்படிப்பட்ட இந்தியர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் குடியுரிமை தரப்படும் என்று 2018இல் அரசு அறிவித்தபோது, பலருக்கு அது நடை தளர்ந்த பிறகு வந்த செய்தி.

சரி, பிள்ளைகளையே சட்டம் போட்டுக் கட்ட வைத்தால்? சிங்கப்பூர் 1995இல் அப்படிச் செய்தது, இந்தியா 2007இல். பணமிருந்தும் கைவிட்ட மகனை இழுத்து வர அது உதவும். ஆனால் கைவிடாமல் வைத்துக்கொண்டு திணறும் வீடுகளுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. அங்கே உண்மையில் பில் கட்டுவது வேலையை விட்டு நின்ற பெண். அவர் நின்ற மாதத்தோடு அவருடைய சேமநிதியும் நின்றுவிடும். முப்பது ஆண்டு கழித்து அதே தாள் அவர் பேருக்கு வரும். கசானா ஆய்வு நிறுவனம் 2019இல் ஊதியமில்லாப் பராமரிப்பைப் பற்றித் தனி ஆய்வே வெளியிட்டது. 2022 டிசம்பரில் இல்லத்தரசிகளுக்கென்று ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தாவில், சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் திட்டம் வந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அது விபத்துக்கும் செயலிழப்புக்கும் காப்பு. இழந்த சம்பளத்துக்கு இல்லை.

ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் வேறு வழியில் போயின. உழைக்கும் வயதிலேயே எல்லோரும் பராமரிப்புக் காப்பீட்டுக்குக் கட்டுகிறார்கள். ஜப்பானில் 40 வயதிலிருந்து சந்தா, அதற்கு ஈடான பங்கை அரசின் வரிப்பணம் போடுகிறது. ஜொகூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் 2020இல் கேர்ஷீல்ட் லைஃப் கொண்டுவந்தது. குளிப்பது, உடுத்துவது, உண்பது போன்ற ஆறு அன்றாடக் காரியங்களில் மூன்றைத் தானே செய்ய முடியாதவருக்கு, முதல் ஆண்டுக் கணக்கில் மாதம் 600 சிங்கப்பூர் வெள்ளி, உயிர் உள்ளவரை. மலேசியாவில் இப்படி ஒன்று இல்லை. 2030இல் மக்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் 60 வயதைத் தாண்டியிருப்பார்கள் என்று கணக்குச் சொல்கிறது.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள், முதலாளிகள் இன்றும் ஆளுக்கு ஒரு வரி கட்டுகிறார்கள் என்பதைக் கவனிக்கலாம். வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவருக்கு ஆண்டுக்கு, தோட்டத்தில் 640 ரிங்கிட், தொழிற்சாலையில் 1,850. அது அரசு கஜானாவுக்குப் போகிறது. அதில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று ஒதுக்கி, சேமநிதிச் சந்தாவோடு சிறு தொகை ஒன்றையும் சேர்த்தால் பொதுக் காப்பீட்டுக்கு அடித்தளம் கிடைக்கும். கடினமான கணக்கில்லை. 1907இலேயே அதைச் செய்ய முடிந்தது.

அப்படி ஒரு நிதி வந்தால் அதில் பர்மாப் பெண்ணுக்கும் ஜாவாப் பெண்ணுக்கும் இடம் உண்டா என்பது அடுத்த வழக்கு. 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சேமநிதி கட்டாயமாகிவிட்டது, இரு தரப்பும் இரண்டு இரண்டு விழுக்காடு. இல்லத்தில் வேலை பார்ப்பவர் முறையான பெர்மிட்டில் இருந்தால் அவருக்கும் அது உண்டு. வீட்டோடு தங்கி ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணை மட்டும் அந்தச் சட்டம் வெளியே விட்டிருக்கிறது. 2021 ஜூன் முதல் சொக்சோ விபத்துக் காப்பு அவருக்கு இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்ப விமான டிக்கெட் வாங்கித் தருவது முதலாளி பொறுப்பு.