ரெண்டாவது வண்டி

பைக் பைத்தியம் பிடிச்சவங்களுக்குன்னே ஒரு வியாதி உண்டு மக்களே. நல்லதா ஒரு டூரிங் வண்டி வாங்கி ரெண்டு வருஷம் ஓட்டி முடிச்சதும், "இதுக்குத் துணையா சின்னதா இன்னொண்ணு இருந்தா எப்படி இருக்கும்?"னு மனசு ஆரம்பிச்சிடும். எனக்கும் ஆரம்பிச்சது. தங்கமணி ஒரே வரியில கேட்டாங்க: "இருக்கறதையே வருஷத்துக்கு ஆறு வாரம்தானே ஓட்டறீங்க?"

நியாயமான கேள்வி. ஆணி புடுங்கறது டொரண்டோவுல. இங்க நவம்பர்ல வண்டியை மூடி வச்சா ஏப்ரல்லதான் திறக்கணும். அதனால இங்க பைக்கே வச்சுக்கலை. என் ஹிமாலயன் 411 சித்தூர் வீட்டு ஷெட்ல நிக்குது. 2016ல ராயல் என்ஃபீல்டு கொண்டுவந்து 2023ல நிறுத்தின மாடல். ஜனவரியில லீவுக்குப் போனதும் மொகிலி காட் ஏறி பலமநேர், அங்கிருந்து மதனபள்ளி, ஹார்ஸ்லி ஹில்ஸ்னு ஒரு சுத்து. திரும்பி வந்து திருப்பதி, தலகோணா. நாள் முழுக்க உக்காந்தாலும் முதுகு வலிக்காது. அந்த விஷயத்துல தங்கமான வண்டி.

ஆனா அதால ஆகாத வேலைகள் நிறைய. கிரீம்ஸ்பேட்டை சந்துல காய்கறி வாங்கப் போக 200 கிலோ வண்டியா? கிக்கரும் கிடையாது. பதினோரு மாசம் நின்ன பேட்டரி உயிரை விட்டிருந்தா தள்ளித்தான் ஆகணும். இத்தனைக்கும் எழுபது கிலோமீட்டர்ல இருக்கற திருப்பதி கரகம்பாடியில அமரராஜா தொழிற்சாலை லட்சக்கணக்குல பேட்டரி பண்ணித் தள்ளுது. என் வண்டிக்கு மட்டும் உயிர் இருக்காது :-)

இப்ப மூணு வருஷமா லீவு முடிஞ்சு கிளம்பும்போது பேட்டரி கனெக்‌ஷனைக் கழட்டிடறேன். டேங்க்கை நிரப்பி, சென்டர் ஸ்டாண்டுல நிறுத்தறேன். இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, அது ஈரத்தை இழுக்கும். டேங்க் காலியா இருந்தா உள்ள இருக்கற காத்துல ஈரம் சேரும். வருஷம் முழுக்க வண்டி நிக்கறவங்க இதைக் கவனிக்கணும்.

சரி, ரெண்டாவது வண்டிக்கு வருவோம். இது எனக்கான வண்டியான்னு யோசிச்சப்பதான் விஷயம் திசை மாறிச்சு. ஆறு வாரம் நான் ஓட்டினா, மிச்ச நாப்பத்தாறு வாரம் யார் ஓட்டறது? எங்க அப்பா.

அப்பாவுக்கு 72 வயசு. ரிட்டயர்டு வாத்தியார். அவர் காலத்து வண்டி எஸ்டி. மைசூர்ல ஐடியல் ஜாவா கம்பெனி பண்ணினது, 1996ல கடையை மூடிட்டாங்க. அந்த வண்டி ஓட்டினவங்களுக்குத் தெரியும், கிக்கரும் கியர் லீவரும் ஒண்ணேதான், இடது பக்கம். லீவரைத் திருப்பி உதைச்சா ஸ்டார்ட், திரும்பி வச்சா கியர். அப்பாவுக்குத் தேஞ்சு போனது இடது முட்டி. நாலு வருஷம் முன்னாடி வண்டியை வித்துட்டார். அதுக்கப்புறம் யாதமரி பக்கம் இருக்கற எங்க மாந்தோப்புக்குப் போறதுன்னா ஆட்டோ, இல்ல யாராவது ஏத்திக்கிட்டுப் போகணும். தோத்தாபுரி காய்ப்புக்கு வர்ற சீசன்ல ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போய்ப் பாக்கற மனுஷன், வாரத்துக்கு ஒரு தடவைன்னு ஆயிட்டார். ஹிமாலயன்ல பின்னாடி உக்காரச் சொன்னா காலைத் தூக்கிப் போட முடியலை.

திருப்பதியில இருக்கற அக்காவுக்கு இதுல சம்மதமே இல்லை. "எழுபத்திரண்டு வயசுல வண்டி எதுக்கு? நீ அங்க உக்காந்துக்கிட்டு வாங்கிக் கொடுத்துட்டுப் போயிடுவ. ஒண்ணு ஆச்சுன்னா ஓடி வர்றது நான்தானே?"ன்னா. அவ சொன்னதுல ஒரு வார்த்தைகூட தப்பில்லை. அப்பா பக்கம் திரும்பினா, அவர் பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காம சொன்னார்: "வண்டி வேணாம்னு சொல்றதும், வீட்டோட கெடன்னு சொல்றதும் ஒண்ணுதாம்மா." அதுக்கப்புறம் ரெண்டு நாள் வீட்டுல யாரும் வண்டிப் பேச்சே எடுக்கலை.

அந்த ரெண்டு நாள்ல நான் ஒரு நோட்டுல எழுதிப் பாத்தேன். எந்த வண்டி நல்லா இருக்குன்னு இல்லை. இந்த வண்டி என்ன வேலை செய்யணும்னு. இடது காலுக்கு வேலை இருக்கக் கூடாது. கீழே சாஞ்சா அவரே தூக்கணும். காலைத் தூக்கிப் போடாம ஏறணும். பேட்டரி செத்தாலும் கிளம்பணும். தோப்புக்குள்ள கல்லு, மணல் மேல போகணும். பின்னாடி ஒரு கூடை காய் வைக்கணும்.

இப்படி எழுதினதும் என் ஆசை லிஸ்ட் ஒண்ணொண்ணா உதிர ஆரம்பிச்சது.

ஹன்டர் 350: பாக்க லட்சணமா இருக்கு, ஆனா 181 கிலோ. பெரிய வண்டிக்குத் துணையா இன்னொரு பெரிய வண்டி. எக்ஸ்பல்ஸ் 200: தலகோணா மண் ரோட்டுக்கு நெனச்சாலே ஜொள்ளு வழியுது, ஆனா சீட் உயரம் எனக்கே எட்டாது, அப்பாவுக்கு எங்க? அதோட அது செய்யற வேலையில பாதி ஹிமாலயனே செய்யும். ஆர்எக்ஸ் 100: 1985ல இருந்து 1996 வரைக்கும் வந்த வண்டி, கொசுவத்தி சுத்தறதுக்கு இதை விட்டா வேற கிடையாது. ஆனா நல்ல நிலையில கிடைச்சா யானை விலை, உண்மையான பார்ட்ஸ் தேடறது ஒரு தனி உத்தியோகம். அதுவும் கியர் வண்டிதான்.

ஸ்ப்ளெண்டர்: 1994ல இருந்து ஓடுது, எந்தக் கிராமத்துலயும் மெக்கானிக் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டுவார். எல்லாம் சரி, கியர் இடது கால்ல. போச்சு. ஸ்கூட்டர்: கியர் பிரச்சனை இல்லை, ஏறி உக்காரவும் சுலபம். ஆனா சின்னச் சக்கரம் தோப்பு மணல்ல புதையும். எலக்ட்ரிக்: சத்தமில்லை, கியர் இல்லை. ஆனா எடை நூறு கிலோவுக்கு மேல, உதைச்சுக் கிளப்பவும் வழியில்லை.

மிஞ்சினது ஒண்ணே ஒண்ணு. டிவிஎஸ் எக்ஸ்எல் 100.

சிரிக்காதீங்க. 1980ல ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வந்தப்ப, ரெண்டு பேர் உக்காந்து போற முதல் இந்திய மொபெட் அதுதான். பால்காரர், மீன்காரர், மூட்டை தூக்கறவர்னு தமிழ்நாடும் ராயலசீமாவும் அது மேல ஏத்தாத பொருள் இல்லை. அந்த வம்சத்துல 2015ல வந்த நாலு ஸ்ட்ரோக் வண்டி இது. சுமார் 89 கிலோ. என் ஹிமாலயன்ல பாதிகூட இல்லை. கிளட்ச் இல்லை, கியர் இல்லை, சக்கரம் ரெண்டும் 16 இஞ்ச். முன்னாடி திறந்த இடம், காலை அப்படியே உள்ள வச்சு ஏறலாம். செல்ஃபும் இருக்கு, கிக்கும் இருக்கு. டேங்க் நாலு லிட்டர்தான், தோப்புக்குப் போய் வர அது போதும்.

வேகம் குறைச்சல்ங்கறது இங்க வசதி. ஆனா அதுவே நெடுஞ்சாலையில ஆபத்து. லாரியும் பஸ்ஸும் பறக்கற திருப்பதி ரோட்டுல மொபெட்டுக்கு வேலை இல்லை. அதனால அக்காவையும் அப்பாவையும் உக்கார வச்சு ஒரு ஒப்பந்தம் போட்டோம். ஹைவேல ஏறக் கூடாது. இருட்டினதும் ஓட்டக் கூடாது. தெரு முனைக்குப் போனாலும் ஹெல்மெட். அக்கா ஒண்ணு சேர்த்தா: லைசென்ஸ் புதுப்பிக்கும்போது டாக்டர் வேணாம்னா அன்னிக்கே சாவியைக் கொடுத்துடணும்.

அந்தக் கடைசி ஷரத்து முக்கியம். 2019 சட்டத் திருத்தப்படி 55 வயசு தாண்டினவங்களுக்கு லைசென்ஸ் அஞ்சு வருஷத்துக்குத்தான் தருவாங்க, கூடவே மருத்துவச் சான்றிதழ் வேணும். அப்பாவோடது இன்னும் ஒன்றரை வருஷத்துல முடியுது. "நீங்க ஓட்டாதீங்க"ன்னு பிள்ளைங்க சொன்னா சண்டை வரும். அவரைத் தொட்டுப் பாத்த டாக்டர் சொன்னா அது வேற. அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சு, "சரி, எழுதிக்கோ"ன்னார். எழுதவே எழுதினா அக்கா :-)

வெளிநாட்டுல இருந்து அப்பா அம்மாவுக்கு வண்டி வாங்கறவங்களுக்கு ஒரு விஷயம். பணம் நீங்க கொடுத்தாலும் பதிவு ஓட்டறவங்க பேர்லயே இருக்கட்டும். ஓனர்-டிரைவர்னு 15 லட்ச ரூபாய்க்கு ஒரு தனிநபர் விபத்துக் காப்பீடு 2018ல இருந்து இருக்கு. அது பதிவுச் சான்றிதழ்ல பேர் இருந்து, லைசென்ஸும் இருக்கறவருக்குத்தான். உங்க பேர்ல வாங்கிட்டு அவர் ஓட்டினா அந்தக் காப்பு அவருக்குக் கிடையாது.

போன ஜனவரியில வண்டி வந்தது. மாநிலம் முழுக்க இப்ப ஒரே வரிசைங்கறதால, சித்தூரோட பழைய ஏபி 03 கிடைக்கலைன்னு அப்பாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். ஷெட்ல ஹிமாலயன் பக்கத்துல நிறுத்தினப்ப யானைக்குப் பக்கத்துல ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. லீவு முடியறதுக்குள்ள நான் ஹிமாலயன்ல போனது ஒரே ஒரு டூர். மத்த நாளெல்லாம் அப்பா அசந்த நேரம் பாத்து எக்ஸ்எல்லைத்தான் எடுத்துக்கிட்டு ஓடினேன். பால், காய்கறி, இட்லி மாவு எல்லாத்துக்கும் அதான்.

இப்ப ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா முட்டி வலி பத்தின பேச்சு குறைஞ்சிருக்கு. எந்த மரத்துல பூ பிடிச்சிருக்கு, எதுல உதிர்ந்திருக்குன்னு ஒவ்வொண்ணா சொல்றார். போன வாரம் அக்கா போன்ல, "ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடறார், நான் தினமும் போட்டுக் கேட்டுக்கறேன்"ன்னா. குரல்ல கோவம் இல்லை, பயம் இன்னும் இருக்கு. எனக்கும் இருக்கு. லைசென்ஸ் முடியற தேதியை ரெண்டு பேரும் போன்ல குறிச்சு வச்சிருக்கோம்.