திரியானாவில் ஒரு நாள்

ஊரை இழந்து வந்தவர்க்குப் பிறிதோர் ஊரின் பழந்தெருக்களில் நடப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. அங்கே பேணப்படும் ஒவ்வொரு பழைய பொருளும், "உன்னுடையது எங்கே?" என்று நம்மைக் கேட்கின்றது.

2009ஆம் ஆண்டின் பின்னர் தாயகத்தில் ஆசிரியப் பணியைத் துறந்து ஜேர்மனிக்கு வந்த நாம், சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்தினருடன் ஸ்பெயினின் தென்பகுதியிலுள்ள செவில்லா நகருக்குச் சென்றிருந்தோம். எம் மகளுக்கு வயது பதினான்கு. பாடசாலையில் ஸ்பானிய மொழியை ஆர்வத்துடன் பயில்பவள். இத்தமிழ்ப் பாடசாலைக்கு வருவதையோ ஈராண்டுகளுக்கு முன்னர் நிறுத்திக்கொண்டவள். ஆசிரியர் வீட்டிலேயே இந்நிலை என்பதை இம்மலரில் எழுதக் கூச்சமாகவே உள்ளது. எனினும் மறைப்பதற்கில்லை.

செவில்லாவை ஊடறுத்து ஓடும் குவாதல்கிவிர் ஆற்றின் மேற்குக் கரையில் உள்ளது திரியானா. பல நூற்றாண்டுகளாகக் குயவர் வாழ்ந்த பகுதி அது. 1852இல் கட்டி முடிக்கப்பட்ட இரும்புப் பாலத்தைக் கடந்ததும், வலப்புறத்தில் கூரையிட்ட சந்தை எதிர்ப்படுகின்றது. மீனும் ஒலிவங்காயும் தோடம்பழமும் குவிந்த கடைகள். அவற்றின் பெயர்களைத் தாங்கி நிற்பவை வண்ண ஓடுகள். இத்துணை கலகலப்பான சந்தையின் அடியில் ஒரு கோட்டையின் இடிபாடுகள் கிடக்கின்றன. யூத சமயத்திலிருந்தும் இசுலாத்திலிருந்தும் மதம் மாறியோரை ஐயுற்றுத் தண்டித்த கத்தோலிக்க விசாரணை மன்றம் 1481இல் குடிபுகுந்த கோட்டை அது. மேலே வாழ்வு, கீழே வதை. நாம் சற்று நேரம் பேச்சற்று நின்றோம்.

சந்தையிலிருந்து சில நிமிட நடையில் ஓட்டுக் கடைகள் நிறைந்த தெருக்கள் வருகின்றன. பழைய மட்பாண்டத் தொழிற்சாலை ஒன்று 2014 முதல் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. அங்குள்ள சூளைகள் அணைந்துவிட்டன. ஆயினும் தொழிலின் நுட்பத்தை அறிய முடிகின்றது. ஓட்டின்மீது கொழுப்புக் கலந்த கரிய கோடுகளால் உருவம் வரைந்து, கோடுகளின் இடையே வண்ணங்களை இடுவர். சூளையின் வெப்பத்தில் ஒரு வண்ணம் மற்றொன்றோடு கலந்துவிடாமல் அக்கோடு காக்கும்.

விளக்கப் பலகைகளை வாசித்து எமக்குப் பொருள் கூறியவள் மகளே. அன்று அவள் ஆசிரியை, நாம் மாணவர். வண்ண ஓட்டை அவர்கள் 'அசுலேஹோ' என்கின்றனர். குயவரை 'அல்பரேரோ' என்கின்றனர். இரண்டும் அரபு மூலத்தன. ஆற்றின் பெயரும் அரபு மொழியில் 'பேராறு' என்பதே. 1248இல் செவில்லா கிறித்தவ மன்னர் வசமாயிற்று. 1609க்கும் 1614க்கும் இடையில், இசுலாமிய மரபில் வந்த மொரிஸ்கோ மக்கள் ஸ்பெயினை விட்டே வெளியேற்றப்பட்டனர். இவற்றையெல்லாம் நாம் அவளுக்கு எடுத்துரைத்தபோது, அவள் சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"அவையள் போயிட்டினம் அப்பா, சொல்லு நிண்டிட்டுது. நாங்கள் இருக்கிறம், எங்கட சொல்லுத்தான் போகுது."

எமக்கு மறுமொழி தோன்றவில்லை.

அன்று மாலை அவள் சிறிய மண் கிண்ணம் ஒன்றை வாங்கினாள். "இதுக்குத் தமிழில என்ன?" என்றாள். சட்டி, முட்டி, பானை, குடம், கலயம், அகல், தாழி எனச் சொல்லிக்கொண்டே போனோம். அவற்றுள் இரண்டையே அவள் அறிந்திருந்தாள். குற்றம் அவளுடையதன்று. தைப்பொங்கலுக்கு ஊர்ச் சந்தையில் புதுப்பானை தட்டிப் பார்த்து வாங்கிய கைகள் எம்முடையவை. வகுப்பிலோ பானையின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, அதன் கீழ் ஒரு சொல்லை எழுதியதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம். எழுத்தைக் கற்பித்தோம், பொருளைக் கையில் கொடுக்கவில்லை.

அவள் அச்சொற்களைத் தன் பயணக் குறிப்பேட்டில் தமிழிலேயே எழுதிக்கொண்டாள். 'தாழி'யில் வரும் 'ழி' கோணலாக அமைந்தது. நாம் திருத்தவில்லை.

அவள் இன்னும் பாடசாலைக்குத் திரும்பவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் நாம் புறப்படும்போது, "இண்டைக்கு என்ன சொல்லு?" என்று கேட்பதுண்டு. நாமும் இப்போது வகுப்பிற்குக் களிமண் கொண்டு செல்கின்றோம். சிறுவர் அகல் வனைகின்றனர், மேசைகள் அழுக்காகின்றன, நிர்வாகத்தினர் பொறுத்தருள்கின்றனர்.

பெற்றோரிடம் ஒன்றே வேண்டுகின்றோம். உங்கள் சமையலறைப் பொருள்களைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, அவற்றின் தமிழ்ப் பெயரைச் சொல்லுங்கள். நாம் இங்கு இருக்கும்போதே எம் சொற்களும் இருக்கட்டும்.