தோள்மேல் ஒரு கை

ஃபோட்டோஷாப்பில் படத்தின் ஒரு பகுதி வேண்டாம் என்றால் இரண்டு வழி உண்டு. எரேசரை எடுத்துத் தேய்த்துவிடலாம். தேய்த்துச் சேமித்த பிறகு போனது போனதுதான். இல்லையென்றால் அந்த லேயருக்கு ஒரு மாஸ்க் போட்டு, கறுப்பு பிரஷ்ஷால் அந்த இடத்தைப் பூசலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் மாஸ்க்கில் பிரஷ்ஷை வெள்ளைக்கு மாற்றிப் பூசினால் மறைந்ததெல்லாம் அப்படியே திரும்பி வரும். ஆனைமலையில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் தயாராவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது இதைக் கண்டேன். மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்ற பந்தல்காரர் மறைந்தார், வந்தார், மறுபடி மறைந்தார். அதிலிருந்து மனசு இதையே சுற்றுகிறது.

மாஸ்க் என்பது லேயரோடு ஒட்டி நிற்கும் இன்னொரு படம். அதில் வண்ணம் கிடையாது. வெள்ளை இருக்கும் இடத்தில் லேயர் தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் மறையும், சாம்பல் இருக்கும் இடத்தில் பாதி தெரியும். சாதாரண ஃபைலில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை மொத்தம் 256 படிகள். காற்றில் பறக்கும் தலைமுடி, சாம்பிராணிப் புகை, மெல்லிய முந்தானை எல்லாம் இந்தச் சாம்பலில்தான் பிழைக்கின்றன.

இந்தச் சாம்பலை எங்கள் ஊரில் தினமும் பார்க்கலாம். நெல்வயல் வரப்பில் நின்று தெற்கே திரும்பினால் முதல் மலை கரும்பச்சை, அடுத்தது நீலம், அதற்கடுத்தது வெளிர்நீலம், அதற்கப்பால் மலையா வானமா என்று சொல்ல முடியாத ஒரு கோடு. நடுவில் இருக்கும் காற்றும் ஈரமும் ஒளியைச் சிதறடித்து ஒவ்வொரு மலையையும் கொஞ்சம் கொஞ்சமாக மறைக்கின்றன. ஒரு நல்ல மழை பெய்து வெறித்த மறுநாள் காலையில், இத்தனை நாள் இல்லாத ஒரு மலை அங்கே நிற்கும். அது எங்கேயும் போயிருக்கவில்லை.

மாஸ்க் கம்ப்யூட்டரோடு பிறந்த வித்தையும் அல்ல. 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'உத்தமபுத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்தார். 1944-இல் கோவை பட்சிராஜா நிறுவனத்துக்காக ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் ஒரு கச்சேரி. பாடுகிறவர் சின்னப்பா, பக்கவாத்தியக்காரர்களும் சின்னப்பாவே. ஒரே காட்சியில் ஐந்து பேர். அந்தக் காலத்தில் இதைக் கேமராவுக்குள்ளேயே செய்வது வழக்கம். லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டை வைத்து ஒரு பாகத்தை மறைத்துக்கொண்டு மற்ற பாகத்தைப் படம் எடுப்பார்கள். ஃபிலிமைப் பின்னால் சுற்றி, அட்டையை மாற்றி வைத்து, விட்ட பாகத்தில் மறுபடி எடுப்பார்கள். கேமரா இம்மி அசையக் கூடாது. நடிகர் கோட்டைத் தாண்டக் கூடாது. பிரான்சில் திரைப்பட இயக்குநர் மெலியே 1900-லேயே இப்படி ஏழு மெலியேக்களை உட்காரவைத்து ஒரு வாத்தியக்குழு நடத்திக் காட்டியிருக்கிறார். மறைத்த இடத்தில் ஒளி படாத ஃபிலிம் காத்திருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் மொத்த வேலையும் நடந்தது.

ஊர் ஸ்டுடியோக்காரர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. அவர்களிடம் இருந்தது பிளேடு.

என் அம்மாவைப் பெற்ற அம்மிச்சியின் வீட்டு ஆசாரத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. நாற்காலியில் அம்மிச்சி, பக்கத்தில் நிற்கிறார் அவர் கணவர், எங்கள் அப்புச்சி. இருவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டதே இல்லை. அப்புச்சி சின்ன வயசிலேயே போய்விட்டார். அவர் போன பிறகு செய்த ஒட்டுப்படம் அது. கையில் இருந்த ஒரே பிரிண்டிலிருந்து அவரைப் பிளேடால் வெட்டி எடுத்து, வெட்டிய ஓரத்தைப் பின்பக்கம் உப்புத்தாளால் தேய்த்து மெல்லிசாக்கி, அம்மிச்சியின் படத்தின்மேல் ஒட்டி, ஒட்டிய கோட்டைச் சாயத்தால் பூசி மூடி, அதை மறுபடி கேமராவில் எடுத்திருக்கிறார்கள். மறுபடி எடுத்ததும் ஒட்டு மறைந்துவிடும். இருவரும் ஒரே தாளில் ஒரே நாளில் நின்றவர்கள் ஆகிவிடுவார்கள்.

சின்னப் பையனாக ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் படத்தை மூக்கு உரசப் பார்ப்பேன். அப்புச்சியின் சட்டையில் மடிப்பு தெரியும், பொத்தான் தெரியும், துணியின் நெசவுகூடத் தெரியும். இடது தோளில் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு நெசவு இல்லாமல் மழமழவென்று ஒரு சாம்பல் பூச்சு. என்ன அது என்று கேட்டதற்கு அம்மிச்சி சொன்னது: "அங்க எங்கண்ணன் கை இருக்குது சாமி. மச்சானும் மாப்பளையும் பொள்ளாச்சி சந்தைக்குப் போனப்ப புடிச்சது."

அவர் சொன்னது 'இருக்குது' என்றுதான். பூச்சுக்கு அடியில் அண்ணன் கை அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. இன்னொன்றும் சொன்னார். ஸ்டுடியோவில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்தபோது, படத்தில் பொட்டு வரைந்துவிடட்டுமா என்று கேட்டார்களாம். "வையுங்க, அவரு பக்கத்துல வெறும் நெத்தியோட எதுக்கு உக்காரோணும்" என்றாராம். ஆக, அந்த ஒரு தாளில் வைத்த பொட்டு ஒன்று, மறைத்த கை ஒன்று. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் அம்மிச்சி ஒருவர்தான். வெட்டுப்பட்ட மீதிப் படம், அண்ணன் நின்ற பாதி, யாரிடமும் இல்லை.

1990-இல் வந்த முதல் ஃபோட்டோஷாப்பும் கிட்டத்தட்ட அந்தப் பிளேடும் பசையும்தான். ஒட்டிவிட்டுத் தேர்வை நீக்கினால் அடியிலிருந்தது போய்விடும். 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் லேயர்கள் சேர்ந்தன. அதன் பிறகு ஒட்டியது ஒட்டியபடி தனியாகவும் அடியில் இருப்பது முழுசாகவும் நிற்கும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு மாஸ்க்கைக் கிளிக் செய்தால் அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி விழும். மறைத்தது அத்தனையும் வெளியே வந்துவிடும். எங்கள் அம்மிச்சியின் கண்ணுக்கு இருந்த சக்தி அது.

அந்தச் சக்தியைக் கடைசி நொடியில் நாம் தூக்கிப் போட்டுவிடுகிறோம். வேலை முடிந்ததும் லேயர்களை ஒன்றாக்கி ஜேபெக்காகக் கொடுப்பது வழக்கம். ஜேபெக்கில் லேயர் நிற்காது. அப்படிக் கொடுப்பதற்கு இடம்தான் காரணம். 24 மெகாபிக்சல் படத்தில் ஒரு முழு லேயரைச் சுருக்காமல் வைத்தால் சுமார் 72 எம்பி ஆகும். ஒரு சீசன் கல்யாணங்களை அப்படி வைத்துக்கொள்ள எந்தச் சின்ன ஸ்டுடியோவுக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு ஒட்டுப்படம் பெரிய சுமை அல்ல.

போனவரோடு இருப்பவரைச் சேர்த்துப் படம் செய்யும் ஆசை நம் ஊர்களில் குறையவில்லை, குறையவும் வேண்டாம். அம்மிச்சிக்கு அந்தப் படம் கொடுத்த நிறைவைக் கண்ணால் பார்த்தவன் நான். கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: பழைய பிரிண்டைக் கொடுக்கும் முன் முழுசாக ஸ்கேன் எடுத்து வையுங்கள். சுவரில் மாட்டப் பிரிண்ட் வாங்கும்போது லேயர் கலையாத பி.எஸ்.டி. ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். வெட்டி விடப்பட்டவர் யார், பூசி மறைத்தது யார் கை என்று அதன் பெயரிலேயே எழுதி வையுங்கள். பாட்டிக்குப் பக்கத்தில் தாத்தா நின்றார் என்பது நம் ஆசை; மச்சான் கையைத் தோளில் தாங்கிக்கொண்டு சந்தையில் நின்றார் என்பது நடந்தது. பேரப்பிள்ளைகளுக்கு இரண்டும் சேரவேண்டிய சொத்து.