பணம் கட்டுமுன் பதிவேடு

24 ஏப்ரல் 2025, வியாழன்

எஸ்.பி.எம். தேர்வு முடிவு இன்று வெளியானது. அண்ணன் மகள் முடிவுத்தாளோடு நேராக என் வீட்டுக்கே வந்துவிட்டாள். தமிழ்மொழியில் ஏ, கணிதத்தில் ஏ, அறிவியல் பாடங்களில் பி, ஆங்கிலத்தில் சி. நல்ல முடிவுதான். அண்ணன் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார்; வேலை உடுப்போடு பின்னாலேயே வந்து நின்று, "அடுத்து என்ன தம்பி செய்யலாம்?" என்றார். தாதியாகணும் என்கிறாள் பிள்ளை. பொறியியலும் பிடிக்குமாம்.

பொழுது சாய்வதற்குள் அவள் கைப்பேசியில் விளம்பரங்கள் குவிந்துவிட்டன. இலவச மடிக்கணினி, முதல் மாத விடுதி இலவசம், இன்றே பதிந்தால் கழிவு. எல்லாமே தனியார் கல்லூரிகள். ஆனால் எங்கள் மலாக்காவிலேயே அரசாங்கக் கல்லூரிகள் உண்டு. மஸ்ஜித் தானாவில் சமூகக் கல்லூரி இருக்கிறது. லொண்டாங்கில் மலாக்கா மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. டுரியான் துங்கலில் யூதெம் பல்கலைக்கழகம், மெர்லிமாவில் பொலிடெக்னிக். இவற்றில் ஒன்றுகூட அவள் திரைக்கு வரவில்லை. விளம்பரத்துக்குக் காசு செலவழிப்பவர்கள் நம்மைத் தேடி வருகிறார்கள். மற்றவற்றை நாம்தான் தேடிப் போகவேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் இங்கேதான் வழி தவறுகிறார்கள் என்று பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

26 ஏப்ரல், சனி

தோட்டத்தில் லைன் சரியாகக் கிடைப்பதில்லை. அதனால் என் வீட்டுக் கணினியில் உட்கார்ந்தோம். முதலில் திறந்தது, அரசாங்க உயர்கல்விக்கூடங்களுக்கு விண்ணப்பிக்கும் உயர்கல்வி அமைச்சின் யூ.பி.யூ. அகப்பக்கம். அதிலுள்ள இ-பாண்டுவான் பகுதியில் ஒவ்வொரு படிப்புக்கும் என்ன தகுதி வேண்டும், எந்தப் பாடத்தில் எந்தத் தரம் வேண்டும், நேர்முகத் தேர்வு உண்டா என்பதெல்லாம் இருக்கிறது. சராசரி மெரிட் புள்ளியும் போட்டிருக்கிறார்கள். மெரிட்டில் 90 விழுக்காடு தேர்வு முடிவு, 10 விழுக்காடு புறப்பாடம். மூன்று ஆண்டு செம்பிறைச் சங்கத்தில் இருந்தவளுக்கு அந்தப் பத்து விழுக்காடு எவ்வளவு பெரிது என்று இன்றுதான் தெரிந்தது.

விண்ணப்பத்தில் பன்னிரண்டு படிப்புகள் வரை தெரிவுசெய்து போடலாம். முன்பு விண்ணப்பித்தபோது தோழிகள் போட்டதைப் பார்த்து அவளும் போட்டிருக்கிறாள். அதில் யூ.ஐ.டி.எம். பல்கலைக்கழக டிப்ளோமாவும் இருந்தது. லெண்டு வளாகம் பக்கத்தில் இருக்கிறது என்று போட்டாளாம். அது பூமிபுத்ராக்களுக்கு மட்டுமே என்று தகுதிப் பகுதியில் எழுதியிருக்கிறது. வாசிக்காமல் போட்டால் ஓர் இடம் வீணாகிவிடும். அதை எடுத்துவிட்டு யூதெம்மின் டிப்ளோமாவைப் போட்டோம். மின்னியலா இயந்திரவியலா என்று அவளும் அண்ணனும் வெகுநேரம் பேசினார்கள். டிராக்டர் எஞ்சினைப் பற்றி அண்ணன் சொல்லிக்கொண்டே போக, இயந்திரவியல் மேலே ஏறியது.

27 ஏப்ரல், ஞாயிறு

கோயிலிலிருந்து வந்ததும் அந்த விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

"சித்தப்பா, இதுல லேப்டாப் இலவசமாம்."

"லேப்டாப் இருக்கட்டும். அடியில பொடி எழுத்துல நம்பர் இருக்கா, பாரு."

இருந்தது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் எம்.கியூ.ஏ. என்ற எழுத்துக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, அடுத்து பி.ஏ. என்ற இரண்டு எழுத்துகள். பி.ஏ. என்றால் தற்காலிக அங்கீகாரம், எஃப்.ஏ. என்றால் முழு அங்கீகாரம். தற்காலிகம் என்பதால் மோசடி என்று அர்த்தமில்லை. புதிய படிப்பு எல்லாமே அப்படித்தான் தொடங்கும். முதல் அணி இறுதியாண்டுக்கு வரும்போது முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிப்பார்கள். ஆனால் அரசாங்க வேலைக்குப் போக நினைக்கிற பிள்ளை, அந்த முழு அங்கீகாரம் எப்போது வரும் என்று கல்லூரியைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

எம்.கியூ.ஏ. என்பது மலேசியத் தகுதி முகமை; 2007-இல் அமைந்தது. அது வைத்திருக்கும் எம்.கியூ.ஆர். பதிவேடு எல்லாருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. படிப்பின் பெயரைத் தட்டினால் கல்லூரி, முகவரி, தகுதிநிலை, அங்கீகாரத் தேதி எல்லாம் வரும். நான்காம் நிலை டிப்ளோமா, ஆறாம் நிலை இளங்கலைப் பட்டம். முகவரியைக் கட்டாயம் பார்க்கவேண்டும். தலைமை வளாகத்துக்குக் கிடைத்த அங்கீகாரத்தைக் காட்டிக் கிளை வளாகத்தில் ஆள் சேர்த்தால், பெற்றோர் அதை வேறெப்படிக் கண்டுபிடிப்பது?

29 ஏப்ரல், செவ்வாய்

ஒரு கல்வி ஆலோசகர் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். இந்த வாரத்துக்குள் பதிவுக் கட்டணம் கட்டினால்தான் இடமாம். எங்கள் கோயில் கமிட்டியில் ஒருவர் தம் மகனுக்கு இப்படித்தான் அவசரப்பட்டுக் கட்டினார். பிறகு பையனுக்குப் பொலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. கட்டிய பணம் திரும்பவில்லை. அவர் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அது. அந்த வீட்டம்மா சொல்லி அழுதது இன்னும் எனக்கு மனசை உறுத்துகிறது.

தாதிமைக்கு எம்.கியூ.ஏ. மட்டும் போதாது. மலேசியத் தாதியர் வாரியமும் அந்தப் படிப்பை ஏற்றிருக்க வேண்டும்; படித்து முடித்து வாரியத் தேர்வு எழுதித்தான் பதிவுபெற்ற தாதியாக முடியும். பொறியியல் பட்டத்துக்குப் பொறியாளர் வாரியம், மருத்துவத்துக்கு மருத்துவ மன்றம். ஆலோசகரிடம் வாரிய அனுமதி பற்றிக் கேட்கச் சொன்னேன். "பிறகு அனுப்புகிறேன்" என்றாராம்.

1 மே, வியாழன்

தொழிலாளர் தினம். அண்ணனுக்கு விடுமுறை. யூதெம்மில் படிக்கும் பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணை வரச்சொல்லி இரண்டு பிள்ளைகளையும் பேச விட்டோம். விடுதி முதலாண்டுக்குப் பிறகு கிடைக்குமா, சாப்பாட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகும், கணிதம் எவ்வளவு கடினம் என்பதெல்லாம் எந்த அகப்பக்கத்திலும் இல்லை.

பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனைப் பற்றியும் அண்ணனுக்குச் சொன்னேன். ஒரு விழுக்காடு கட்டணம் உண்டு; படிப்பு முடிந்த பிறகு பிள்ளைதான் கட்டவேண்டும். கல்லூரிக்காரர்கள் 'கடன் கிடைக்கும், கவலைப்படாதீங்க' என்று சொல்லும்போது அது யார் தலையில் விழும் கடன் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆறாம் படிவம் வேண்டாம், கஷ்டம் என்று பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று தவணை, மிகக் குறைந்த செலவு, வீட்டிலிருந்தே போய்வரலாம். அதன் முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வில் தமிழும் எடுக்கலாம்; அங்கிருந்து மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கோ, தஞ்சோங் மாலிம் உப்சி பல்கலைக்கழகத்துக்கோ போகலாம். பொறுமையுள்ள பிள்ளைக்கு இதைவிட மலிவான, நிச்சயமான பாதை எனக்குத் தெரியவில்லை.

3 மே, சனி

வரிசையை முடித்துவிட்டோம். யூதெம் இயந்திரவியல் டிப்ளோமா முதலில், பொலிடெக்னிக் அடுத்து. மெட்ரிகுலேஷனுக்குத் தனியாக விண்ணப்பித்திருக்கிறாள். கிடைத்தாலும் லொண்டாங்தான் என்று உறுதியில்லை; அமைச்சு எங்கே அனுப்புகிறதோ அங்கே போகவேண்டும். தாதிமைக்கு, வாரிய அனுமதியைப் பார்த்து உறுதிசெய்த ஒரே ஒரு தனியார் கல்லூரியை மட்டும் கையில் வைத்திருக்கிறோம். பணம் இன்னும் கட்டவில்லை.

இதை வாசிக்கும் அப்பா அம்மாக்களே, பிள்ளை கையிலிருக்கும் கைப்பேசியிலேயே எம்.கியூ.ஏ. அகப்பக்கத்தைத் திறந்து அந்தப் படிப்பின் பெயரைத் தேடச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். பெயர் இல்லையென்றால் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள். தனியாருக்குப் போவதென்று முடிவெடுத்திருந்தாலும் யூ.பி.யூ. விண்ணப்பத்தை விட்டுவிடாதீர்கள்.