கோபத்தின் அடியில்



ஜெனீவா நகரத்து மருத்துவர் பால் தூர்னியே (1898–1986) நோயாளியின் உடலோடு உள்ளத்தையும் கவனித்தவர். தேவசமுகத்தில் மௌனமாய் அமர்ந்து, தம் உள்ளத்தில் எழுவதை எழுதி வைப்பது அவருடைய வழக்கம்.

சென்ற சனிக்கிழமை மாலை, காப்பி ஆறிப்போயிற்று என்று என் மனைவியைக் கடிந்துகொண்டேன். பின்பு பிரசங்கத்தை ஆயத்தம்பண்ண உட்கார்ந்தேன். ஒரு வரியும் எழுத இயலவில்லை. தூர்னியேயின் வழக்கம் நினைவுக்கு வந்தது. தாளில் "ஏன் இந்தக் கோபம்?" என்று மட்டும் எழுதிவிட்டு மௌனமாயிருந்தேன்.

விடை மெதுவாய் வந்தது. அன்று காலை மருத்துவமனையில், மரணத்தருவாயில் இருந்த சகோதரர் ஒருவர், "ஐயரே, பயமாயிருக்கிறது" என்றார். நான் அவசரமாய் ஜெபித்துவிட்டுத் திரும்பினேன். அதே பயம் எனக்குள்ளும் இருந்தது. அதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

காயீனிடம் தேவன் முதலாவது கேட்டதும் அவனுடைய கோபத்தின் காரணத்தையே (ஆதியாகமம் 4:6). அவனோ பதில் சொல்லாமல் வயலுக்குப் போனான்.

மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுபடியும் மருத்துவமனைக்குச் சென்று, எனக்கும் பயமுண்டு என்று அறிக்கையிட்டு, அந்தச் சகோதரரின் கரத்தைப் பிடித்தபடி நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

பிரியமானவர்களே, இந்த வாரம் அற்பக் காரியத்திற்காகப் பெருங்கோபம் மூளுமானால், அதை நியாயப்படுத்தாதிருங்கள். ஆண்டவருடைய கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். வயலுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.

ஆமென்.