மச்சினன் பெயரில் ஏறிய பாக்கி

கடன் நிறுவனம் எனக்கு அனுப்பிய நோட்டீஸில் கணக்கு தப்பாக இருந்தது. தப்பு என்று தெரிந்தும் பதில் எழுதாமல் ஒளித்து வைத்தேன். அதனால் அடிபட்டவன், எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட என் மனைவியின் தம்பி. அவன் வந்து கேட்டபோது பொய்யும் சொன்னேன். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பேர் மட்டும் வேண்டாம் என்றான்.

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் நான் கணக்கு எழுதுகிறேன். தேவாரத்திலிருந்து தினமும் போய்வர 2019 இல் தவணையில் பைக் எடுத்தேன். ஏலக்காய் விலை உச்சத்தில் இருந்த வருஷம் அது. ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. தவணை ஒரு பாரமாகவே தெரியவில்லை. ஜாமீனுக்கு ஆள் கேட்டார்கள். மச்சினன் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் டிரைவர். அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தான். “எங்க போடணும்னு காட்டுங்க மச்சான்” என்று படிக்காமலே போட்டான். முகவரி என்ற இடத்தில் என் வீட்டு முகவரியை எழுதினோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கேரள எல்லையில் போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் வழி அடைத்தார்கள். விடியுமுன் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் தெருவிலேயே நின்றன. ஏலம் நின்றது, கடை பூட்டியது. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தவணையைத் தள்ளிவைக்க வழி செய்து, பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. நானும் எஸ்எம்எஸ் அனுப்பிக் கேட்டேன். ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. கடை திறந்த பிறகு அரைச் சம்பளம்தான். சில தவணைகளை உண்மையாகவே விட்டேன். அந்தப் பாக்கி என்னுடையது, அதில் எனக்கு வழக்கில்லை.

2021 ஏப்ரல் கடைசியில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. தள்ளிவைத்த மாதங்களையும் தவறிய தவணையாக எண்ணியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பவுன்ஸ் சார்ஜ், அபராத வட்டி, அந்த வட்டிக்கும் வட்டி. முழுக் கடனையும் உடனே கட்ட வேண்டுமாம். எல்லோரும் படுத்த பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எந்தெந்த இடத்தில் இடிக்கிறது என்று அன்று ராத்திரியே எனக்குத் தெரிந்துவிட்டது.

சட்டமும் என் பக்கம் இருந்தது. அந்த வருஷம் மார்ச் 23 அன்றுதான் உச்ச நீதிமன்றம், தவணை தள்ளிவைத்த காலத்துக்கு வட்டிக்கு வட்டியோ அபராத வட்டியோ யாரிடமும் வாங்கக் கூடாது, வாங்கியிருந்தால் திருப்பித் தரவேண்டும் அல்லது அடுத்த தவணையில் கழிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதன்படி நடக்கச் சொல்லி ஏப்ரல் 7 அன்று ரிசர்வ் வங்கி எல்லாக் கடன் நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. இந்த விவகாரத்தை முதலில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் ஆக்ராவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கஜேந்திர சர்மா. வீட்டுக் கடன் வாங்கியிருந்த ஒரு தனி மனிதர். இதைப் பேப்பரில் படித்துவிட்டுக் கடையில் மற்றவர்களுக்கு விளக்கிச் சொன்னவன் நான். எஸ்எம்எஸ்ஸை அச்செடுத்து, தீர்ப்பின் தேதியைக் குறிப்பிட்டு ஒரு பக்கம் எழுதினால் போதும். நான் எழுதவில்லை.

காரணம் வெட்கம். தவணை விட்டது மனைவிக்குத் தெரியாது. பதில் போட்டால் போன் வரும், ஆள் வருவான், தெருவில் விசாரிப்பான். எங்கள் தெருவில் யாருக்கு நோட்டீஸ் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். குழுக் கடன், நகைக் கடன், கரண்ட் பில் எதுவானாலும். “உடனே பதில் போட்ருங்க அக்கா, பேசாம இருந்தா ஒத்துக்கிட்டதா ஆயிரும்” என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னவன் வீட்டிலேயே நோட்டீஸ் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம் என் கையைக் கட்டியது.

அடுத்து வந்த தபால்களை வாங்க மறுத்தேன். “வாங்கிப் பாத்துருங்கண்ணே, கோர்ட்டு விசயம் மாதிரி இருக்கு” என்றார் தபால்காரர். வாங்காவிட்டால் வராததுபோல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியான முகவரிக்கு வந்த பதிவுத் தபாலை மறுத்தால் அது கிடைத்ததாகவே சட்டம் கொள்ளும் என்பதை அப்போது விசாரிக்கக்கூட இல்லை. 1897 ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், 27 ஆம் பிரிவு. அந்தத் தபால்களில் மச்சினன் பெயருக்கு வந்தவையும் இருந்தன. அவன் கல்யாணமாகிப் பண்ணைப்புரம் போய்விட்டான். அவனுக்கு வந்ததைத் திருப்பியனுப்ப எனக்கு உரிமையே கிடையாது. அதையும் செய்தேன்.

தபாலில் வந்தது நடுவர் தீர்ப்பாய அறிவிப்பு. நிறுவனமே சென்னையில் ஒரு நடுவரை நியமித்திருந்தது. வழக்கின் முடிவில் லாப நட்டம் உள்ள ஒரு தரப்பு தானாக ஒரே நடுவரை நியமிக்க முடியாது என்று 2019 நவம்பரிலேயே பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த ஆட்சேபணையைச் சொல்ல நான் போயிருக்க வேண்டும். போகாததால், நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டவேண்டும் என்று அந்தத் தப்புக் கணக்கின்படியே உத்தரவாகியது. கடன்காரனுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 128 ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

சொந்தமாக ஜீப் வாங்க மச்சினன் போடியில் ஒரு வங்கியில் கடன் கேட்டான். கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கை சரியில்லை என்று மறுத்துவிட்டார்கள். நேராக என்னிடம் வந்தான். “வேற யாரு கணக்கையோ உன் பேர்ல ஏத்திட்டாங்க போல மாப்ள, மனு எழுதித் தாரேன்” என்றேன். எழுதியும் கொடுத்தேன். நோட்டீஸை ஒளித்தது பயத்தில் நடந்தது. இந்த மனுவை நிதானமாக உட்கார்ந்து, நல்ல கையெழுத்தில் எழுதினேன். என்னால் மன்னிக்க முடியாதது இதுதான்.

வருஷத்துக்கு ஒருமுறை சிபில் அறிக்கையை இலவசமாக எடுக்கலாம். அதை எடுத்துக்கொண்டு வந்தான். ஜாமீன்தாரர் என்று போட்டு என் பைக் கடன் அதில் இருந்தது. “தபாலு எதுவும் வந்துச்சா மச்சான்?” என்று கேட்டான். வந்தது என்றேன். அவனுக்கு வந்ததும் சேர்த்து என்றேன். அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவள் முன்னாலேயே எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னான். சொன்னேன்.

உத்தமபாளையத்தில் வக்கீலைப் பார்த்தோம். நடுவர் உத்தரவை எதிர்க்க மூன்று மாதம், அதற்கு மேல் நீதிமன்றம் பொறுப்பது 30 நாள். அந்தக் காலம் போய்விட்டது. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் காசில்லாமல் மனுக் கொடுத்திருக்கலாம். நடுவர் தீர்த்துவிட்ட விவகாரத்தை அவர் எடுக்கமாட்டார். பாதித் தொகைக்கு முடித்துக்கொள்ளலாம் என்று நிறுவனத்து ஆள் சொன்னான். அப்படி முடித்தால் மச்சினன் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும், அடுத்த வங்கியும் யோசிக்கும். முழுத் தொகையையும், என் கணக்கில் வராத பணத்தையும் சேர்த்து, நான் கட்டி வருகிறேன்.

சலுகைக் காலத்து மாதங்களைத் தவறியதாகக் காட்டும் பதிவு இன்னும் அவன் அறிக்கையில் இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லி நிறுவனத்துக்கும் சிபிலுக்கும் இருவரும் கையெழுத்திட்டு எழுதியிருக்கிறோம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நட்டஈடு தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தபால்களை மறைத்தது நான்தான், அவனுக்கு எதுவும் தெரியாது என்று தனித்தாளில் எழுதி, எஸ்எம்எஸ் நகலோடு இணைத்தேன். பதில் அனுப்பும் முகவரியாகப் பண்ணைப்புரத்து வீட்டைக் கொடுத்திருக்கிறோம்.